வெள்ளிக்கிழமைப் பதக்கம்

என் தம்பி மேஜர் நாகையாவின் வீரப் பதக்கத்தை எங்கள் வீட்டில் யாரும் பெட்டியில் பூட்டி வைத்ததில்லை. அது சாமி மாடத்தில், முருகன் படத்துக்குக் கீழேதான் இருக்கும்.

அதை வாங்கி வந்த நாள் இன்னும் கண்ணில் நிற்கிறது. பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவார்ட்டர்ஸில் இருந்தோம். தண்டவாள வேலை பார்த்த அப்பா இரவல் கோட்டுப் போட்டுக்கொண்டு விழாவுக்குப் போய் வந்தார். முதலில் தோளில் குண்டு, அடுத்து காதோரம் வெடிச்சிதறல், கடைசியில் எல்லைக் காட்டுக் கண்ணிவெடியில் இடது கால். அத்தனையும் பட்ட தம்பி ஊன்றுகோலோடு வாசலில் நின்றான். அம்மா அவன் சட்டையிலிருந்து பதக்கத்தைக் கழற்றி, குங்குமம் இட்டு, மாடத்தில் வைத்தாள். கூலி வேலைக்கு இந்த மலாய் மண்ணுக்குக் கப்பலேறி வந்த குடும்பம் எங்களுடையது. அந்த வெள்ளி வட்டம்தான் எங்கள் மரியாதை. அதைப் பற்றி ஒரு சொல் குறைத்துப் பேச யாரையும் நான் விட்டதில்லை.

இப்போது கிள்ளானில் தம்பி வீட்டில் இருக்கிறேன். சென்ற மாதம் அவனுடைய படைப்பிரிவின் பழைய வீரர்கள் விருந்துக்கு அழைத்தார்கள். பதக்கம் அணிந்து வர வேண்டுமாம். பல வருடங்களுக்குப் பிறகு, மூக்குக்கண்ணாடி போட்டுக்கொண்டு அதைக் கையில் எடுத்துப் பார்த்தேன். எழுத்தும் இல்லை, சின்னமும் இல்லை. வழுவழுவென்று வெறும் தகடு.

“சீதா!”

தம்பி மனைவி சீதாலெட்சுமி ஈரக் கையோடு ஓடி வந்தாள்.

“என்னம்மா செஞ்ச இத?”

“அத்தை சொல்லிக் குடுத்த மாதிரிதான் மாமா. வெள்ளிக்கெழம வெளக்கோட சேத்து, புளியும் விபூதியும் போட்டுத் தேய்ப்பேன்.”

அம்மா தொடங்கியது. இவள் ஒரு வெள்ளிக்கிழமைகூடத் தவறவில்லை.

“இதக் குத்திக்கிட்டுப் போனா பாசார் மாலாம் ராத்திரிச் சந்தையில வாங்கினதுன்னு சிரிப்பானுங்க. நகைக்கடையில குடுத்து எழுத்த வெட்டச் சொல்றேன்.”

நாற்காலியில் இருந்த தம்பி சிரித்தான். “அண்ணே, என் மூஞ்சியிலகூடத்தான் பாதி அழிஞ்சு போச்சு. என்னையும் அங்கேயே குடுத்துட்டு வருவியா?”

செருப்பை மாட்டிய நான் அப்படியே நின்றேன். காதோரத் தழும்பு சுருக்கத்தில் கலந்து போயிருந்தது. அது எந்த வருடத்துத் தழும்பு என்று இனி நாங்கள்தான் சொல்ல வேண்டும். பதக்கத்தை மாடத்திலேயே வைத்துவிட்டேன்.

விருந்தன்று கௌஸ் காரோடு வந்தார். கண்ணிவெடி வெடித்த அன்று தம்பியைத் தோளில் சுமந்து வந்த சார்ஜெண்ட் அவர்தான். இன்றும் தம்பியை ‘துவான்’, ஐயா, என்றுதான் கூப்பிடுவார்.

“துவான், என் மெடல் அலமாரியில கெடந்து கருத்துப் போச்சு லா. ஒங்களது எப்படி இப்படி மின்னுது?”

“வாராவாரம் சாமியோட சேந்து குளிக்குது” என்றான் தம்பி.

கௌஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானே என் கையால் தம்பியின் கோட்டில் அதைக் குத்திவிட்டேன். வளையத்து இடுக்கில் குங்குமம் ஒட்டியிருந்தது. துடைக்கவில்லை.

மண்டபத்தில் பதக்கத்தை யாரும் படித்துப் பார்க்கவில்லை. தம்பி காலை இழுத்துக்கொண்டு நுழைந்ததும் நாற்காலிகள் நகரும் சத்தம் கேட்டது. எல்லாரும் எழுந்து நின்றார்கள். நான் நெஞ்சை நிமிர்த்தியபடி அவன் பின்னால் நடந்தேன்.

வீடு திரும்பியதும் பதக்கத்தைச் சீதாவிடம் நீட்டினேன். அவள் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

“இனிமே நான் தொட மாட்டேன் மாமா.”

“தொடாம? வெள்ளிக்கெழம வெளக்கோட சேத்துத் தேய்ச்சு வை. புளி மட்டும் வேணாம்.”