சிலேட்டில் எழுதிய ஜெபம்

இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள், என் கண்ணுகளே. வாயை மூடிக்கொண்டே கடவுளிடம் மல்லுக்கு நின்ற ஒரு மனிதரின் கதை சொல்கிறேன்.

அவர் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். எந்த வண்டி எங்கே நிற்கிறது, எது எத்தனை நிமிடம் தாமதம் என்று காலை முதல் மாலை வரை மைக்கில் சொல்வதுதான் வேலை. மைக் பழுதானாலும் கவலையில்லை. அவர் ஒரு சத்தம் கொடுத்தால் தூங்குகிற ஓட்டுநர் எழுந்து வண்டியைக் கிளப்பிவிடுவார். அதனால் அவருக்கு ‘வெண்கலம்’ என்று பட்டப்பெயர். ஆலயத்திலும் அதே கூத்துதான். அவர் ஜெபிக்க எழுந்தால் ஜன்னல் கண்ணாடி அதிரும். போதகர் நைசாகக் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார்.

அப்பேர்ப்பட்டவர் தொண்டையில் ஒரு கட்டி. அறுத்து எடுத்தார்கள்.

“கெட்ட கட்டி இல்ல, பயப்படாதீங்க,” என்றார் மருத்துவர். “ஆனா ஆறு வாரம் மூச்சுக் காட்டக்கூடாது. குரல் திரும்புமா, திரும்பாதாங்கிறது அப்புறம்தான் தெரியும்.”

மனைவி ஒரு சிலேட்டு வாங்கிக் கொடுத்தாள். வீட்டில் மாலை ஜெபத்தை உரக்கச் சொல்வது இத்தனை வருடமும் அவர் பொறுப்பு. சத்தம் வராத ஜெபம் கூரையைத் தாண்டுமா என்று அவருக்குச் சந்தேகம். ஆகவே ஜெபத்தைச் சிலேட்டில் எழுதி, அவளை வாசிக்கச் சொன்னார். வினை அங்கேதான் தொடங்கியது.

‘ஆண்டவரே, என் மனைவிக்குப் பொறுமையைத் தாரும்’ என்று எழுதினார். அவளோ, “ஆண்டவரே, என் கணவருக்குப் பொறுமையைத் தாரும்,” என்று உருக்கமாக வாசித்தாள். அவர் மேசையைப் படபடவென்று தட்டினார்.

“ஏங்க அவசரப்படறீங்க? ஆமென் கடைசியிலதான்.”

மறுநாள் ‘மருத்துவரின் மனதை மாற்றும்’ என்று எழுதினார். அது ‘இவர் பிடிவாதத்தை மாற்றும்’ என்று பரலோகம் போயிற்று. மூன்றாம் நாள் பொறுக்கமாட்டாமல், ‘நான் எழுதியதை அப்படியே வாசி!’ என்று சிலேட்டு நிறைய எழுதி நீட்டினார். அவள் கைகூப்பி, “ஆண்டவரே, நான் எழுதியதை அப்படியே வாசியும்,” என்றாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. ஆனால் சிரிக்கவும் தடை. தோள் மட்டும் குலுங்கியது.

ஐந்தாவது வாரம் அவர் நிலையத்தின் பக்கமாக நடந்து போனார். மைக்கில் யாரோ ஒரு பெண்ணின் குரல் கணீரென்று கேட்டது. வண்டிகள் எல்லாம் நேரத்துக்குக் கிளம்பின. ஒன்றுகூட வழிதவறிப் போகவில்லை. அதுதான் அவரை அறுத்தது.

அன்று மாலை சிலேட்டின் மூலையில், எறும்பு ஊர்ந்ததுபோல எழுதியிருந்தார்: ‘குரல் வராவிட்டால் நான் எதற்கு? உமக்கு இன்னும் நான் வேண்டுமா, ஆண்டவரே?’

அவள் முதல்முறையாக ஒரு எழுத்தையும் மாற்றாமல் வாசித்தாள். வாசித்து முடித்துச் சிலேட்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

“இதை எத்தனை நாளா உள்ளுக்குள்ளயே வெச்சிருந்தீங்க?”

அவர் ஐந்து விரலையும் விரித்துக் காட்டினார்.

“அஞ்சு வாரமா! ஏங்க, தண்ணி வேணும்னு வாயைத் திறந்து கேட்டீங்களா? கேக்காமலே கொடுத்தேன். தலையணை பத்தலன்னு சொன்னீங்களா? இன்னொண்ணு வெச்சேன். கோபம் வந்தா மேசையை உடைக்கிற மனுஷனை நானே விடாம வெச்சிருக்கேன். உங்களைப் படைச்ச அந்தத் தகப்பன் விட்ருவாரா? உங்க மனசு கேட்க அவருக்கு மைக் வேணுமா?”

அவர் சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். தலை குனிந்து, சத்தமே இல்லாமல் ஜெபித்தார். என்ன சொன்னாரோ, கேட்டவருக்குத்தான் தெரியும். நீளம் மட்டும் குறையவில்லை. அவள் நடுவில் ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்தாள்.

ஆறாவது வாரம் மருத்துவர், “ஆ சொல்லுங்க,” என்றார். எண்ணெய் காணாத கதவுபோல ஒரு கீச்சு வந்தது.

“இனிமே இவ்வளவுதாங்க. மைக் வேலை வேண்டாம்.”

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். அவர் ஏதோ முனகினார்.

“என்னது?” என்று காதைக் கிட்டே கொண்டுபோனாள்.

“குரல் போச்சு. ஆண்டவர் போகலன்னு சொன்னேன்.”

“அதைக் கத்தாம சொன்னீங்க பாருங்க, அதுதான் அதிசயம்!”

நிலைய அதிகாரி அவரை விசாரணை ஜன்னலில் உட்காரவைத்தார். வழி கேட்பவர்கள் தலையை ஜன்னலுக்குள்ளேயே நுழைத்துக் கேட்டார்கள். முதல் நாள் வேலை முடிந்து வந்தவர், மாலை ஜெபத்தைத் தன் சொந்த வாயால் சொன்னார். “இன்னைக்கும் கூடவே இருந்தீங்க, ஸ்தோத்திரம். ஆமென்.”

“முடிஞ்சுதா? இருபது நிமிஷம் ஆகும்னு அடுப்பை அணைச்சுட்டு வந்தேனே!”

“தொண்டை வலிக்குதும்மா. மிச்சம் அவருக்கே தெரியும்.”

என் செல்லங்களே, உங்கள் வீட்டில் வாய்விட்டுச் சொன்ன பாரத்தையும் சொல்லாமல் விழுங்கிய பாரத்தையும் அந்தத் தகப்பன் கேட்கட்டும். உங்கள் வாசலில் சமாதானமும், மேசையைச் சுற்றிச் சிரிப்பும் என்றைக்கும் தங்கட்டும்.