பிரிட்ஜுக்குத் தைத்த சட்டை

என் புருஷன் பிரிட்ஜ் மெக்கானிக். ஊரில் உள்ள பிரிட்ஜுக்கெல்லாம் வைத்தியம் பார்ப்பவரின் வீட்டில் இருப்பதோ, யாரோ வேண்டாமென்று தள்ளியதை அவர் தூக்கிவந்து உயிர் கொடுத்த ஒரு கிழட்டுப் பெட்டி. முதுகில் கறுப்புக் கம்பி வலை. ஓடத் தொடங்கும்போது தொண்டையைச் செருமிக்கொள்ளும். நான் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் ஆசிரியை. வெப்பத்தைப் பற்றிய பாடத்தைப் பதினெட்டு வருடமாக நடத்துகிறேன். வீட்டிலும் அவர் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார். அதில் பாதி மரியாதை, பாதி கிண்டல்.

அந்த வாரம் எங்கள் பிரிட்ஜின் ஃப்ரீசரில் முப்பத்தொரு பை தாய்ப்பால் இருந்தது. என் தங்கையுடையது. அவள் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாள். அவளுக்குக் கொடுக்கும் மருந்து பாலில் இறங்கும், பத்து நாளைக்குக் குழந்தைக்குக் கொடுக்கவே கூடாது என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். மூன்று வாரம் விடியுமுன் எழுந்து, துளித்துளியாகச் சேர்த்து, பையில் தேதி எழுதி வைத்துவிட்டுப் போனாள். மூன்று மாதப் பொடிசு என் வீட்டில். பவுடர் பாலைக் கொடுத்துப் பார்த்தோம். குடித்த வேகத்திலேயே என் புடவையில் திருப்பிக் கொடுத்துவிட்டாள். ஆக, அந்தப் பைகளை விட்டால் வேறு கதியில்லை. நடுவில் ஐஸ் இருக்கிறவரை பரவாயில்லை; ஒருமுறை முழுக்க உருகிப்போனால் திரும்ப உறையவைத்தும் பயனில்லை, கீழேதான் கொட்டவேண்டும்.

முதல் நாளே என் புருஷன் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீரை உறையவைத்து, அதன்மேல் ஒரு இரும்பு நட்டை வைத்து, பைகளுக்கு நடுவே நிறுத்தினார்.

"இது எதுக்கு? நான் தெர்மாமீட்டர் வாங்கித் தரேனே" என்றேன்.

"தெர்மாமீட்டர் இப்ப எப்படி இருக்குன்னு சொல்லும் டீச்சர். நாம இல்லாதப்ப என்ன நடந்துச்சுன்னு சொல்லாது. உருகினா நட்டு முங்கிடும். அப்புறம் எத்தனை தடவை உறைஞ்சாலும் மேல வராது."

நல்ல யோசனைதான். ஆனால் அதை அவர் முகத்துக்கு நேராகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

நாலாம் நாள் காலை ஒன்பது மணிக்கு மின்சாரம் போயிற்று. வெளியே வெயில் கொளுத்தியது. மீன் கிடங்கின் குளிர் அறையில் ஜெனரேட்டர் மக்கர் பண்ணுகிறதென்று அவருக்கு அழைப்பு வந்துவிட்டது. வாசல் தாண்டும்போது, "கதவை மட்டும் தொறக்காத" என்று ஒன்றுக்கு நாலு தடவை சொல்லிவிட்டுப் போனார்.

பத்து மணிக்குத் தங்கையின் புருஷன் வந்தார். தையல்காரர். கழுத்தில் இஞ்சு டேப் இல்லாமல் அவரை நான் கல்யாண மேடையில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன், அன்றைக்கும் அது பையில் இருந்திருக்கும். மனுஷனுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"அக்கா, ஒரே ஒரு தடவை தொறந்து பாத்துடட்டுமா? குளிரு வெளிய போயிருக்கான்னு..."

"குளிருன்னு ஒண்ணு வெளிய போறதில்ல தம்பி. வெளிய இருக்கிற சூடுதான் உள்ள போகுது. சூடு எப்பவும் சூடான இடத்துல இருந்து குளிர்ச்சியான இடத்துக்குத்தான் தானா ஓடும். அதைத் திருப்பி வெளிய தள்ளத்தான் கரண்ட் வேணும். இப்போ தள்ள ஆளில்ல. அதனால உள்ள வர்றதைத் தாமதப்படுத்தணும், அவ்வளவுதான். கம்பளி இருக்கு, போர்த்தலாம்."

"கம்பளி போர்த்தினா சூடாயிடாதா?"

"கம்பளிக்குச் சொந்தமா சூடு கிடையாது. நம்ம உடம்புச் சூட்டைத்தான் அது பிடிச்சு வைக்குது. சூடு எந்தப் பக்கம் போனாலும் அதுக்குத் தடைதான்."

அவர் என்னை வாய் பிளந்து பார்த்தார். எனக்கும் உச்சி குளிர்ந்துபோயிற்று. சும்மா போர்த்திவிட்டிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் தையல்காரர் கையில் துணி கிடைத்தால் சும்மா இருக்குமா? டேப்பை உருவி அளவெடுத்தார். சுவரிலிருந்து பெட்டியை நகர்த்தச் சொன்னார். இரண்டு கம்பளியையும் ஒரு பழைய பஞ்சு ரஜாயையும் வெட்டி, முதுகு, விலா, தலை என்று ஓர் இடம் விடாமல் சுற்றி, ஊசி நூலால் இழுத்துத் தைத்தார். "காத்து நுழையக்கூடாதுல்லக்கா?" என்றார். "கூடவே கூடாது" என்றேன் நான், கெட்டிக்காரி.

குழந்தைக்கு அன்றைய பால் காலையிலேயே ஐஸ் பிளாஸ்க்குக்கு மாறியிருந்தது. அவளுக்குக் கவலையில்லை. கோட்டு போட்ட பிரிட்ஜைப் பார்த்துப் பொக்கை வாயால் சிரித்தாள்.

ஒன்றரை மணிக்கு மின்சாரம் வந்தது. மோட்டார் தொண்டையைச் செருமிக்கொண்டு ஓடத் தொடங்கியது. தையல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நான் உடனே தங்கைக்குப் போன் போட்டு, "பாலெல்லாம் பத்திரம்டி, நீ நிம்மதியா தூங்கு" என்றேன்.

மூன்றரைக்கு என் புருஷன் வந்தார். மேலெல்லாம் மீன் வாடை. செருப்பைக் கழற்றியவர் அப்படியே நின்று காதைத் தீட்டினார்.

"ஏன் சத்தமே இல்ல?"

அப்போதுதான் கவனித்தேன். மோட்டார் ஓடவில்லை. அவர் சமையலறைக்குள் போய், பொத்தான் வைக்காத குறையாகச் சட்டை போட்டு நின்ற பெட்டியைப் பார்த்தார். பின்பக்கம் கையை வைத்தார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"சகலை, கத்திரி குடுங்க."

முதுகுத் தையலைக் கத்தரித்ததும் அடுப்பைத் திறந்ததுபோல அனல் என் முகத்தில் அடித்தது.

வருடா வருடம் கரும்பலகையில் நான் எழுதுவேன்: உள்ளே எடுத்த வெப்பம் காணாமல் போகாது, மோட்டாருக்குக் கொடுத்த சக்தியையும் சேர்த்துக்கொண்டு வெளியே வந்தாக வேண்டும். அது வெளியே வரும் வழியே அந்தக் கறுப்புக் கம்பி வலைதான். கரண்ட் இல்லாதவரை காப்பாற்றிய சட்டை, கரண்ட் வந்ததும் கழுத்தைப் பிடித்துவிட்டது. சூட்டை விட வழியில்லாமல் மோட்டார் திணறி, எரிந்துபோகாமல் இருக்கத் தானே நின்றிருக்கிறது. இதைப் பரீட்சையில் ஒரு பிள்ளை தப்பாக எழுதினால் நான் சும்மா விடுவேனா? நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதேன்.

அவர் திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு கேட்டிருப்பேன். அவர் கம்பளியை முழுக்க உரித்துப்போட்டு, மேசை விசிறியைக் கம்பி வலைக்கு நேராகத் திருப்பிவிட்டு, என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார்.

"கிடங்குல நானும் ஒருதடவை இப்படித்தான். சூடு வெளிய வர்ற மெஷினைத் தார்ப்பாய் போட்டு மூடிட்டேன். உன்கிட்ட சொல்லல."

"ஏன் சொல்லல?"

"நீ டீச்சர் ஆச்சே."

இருபது நிமிடத்தில் மோட்டார் மறுபடி செருமியது. இனி பார்த்தே ஆகவேண்டும். அந்த நேரம் பார்த்துத் தங்கையின் போன். தையல்காரர் அதை எடுக்கத் துணிவில்லாமல் என் கையில் திணித்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டே ஃப்ரீசர் கதவைத் திறந்தேன்.

நட்டு பாதி முங்கியிருந்தது. பாதிதான். மேலே துவரம்பருப்புக் கனத்துக்குத் தண்ணீர், அதற்குக் கீழே கல்லாக ஐஸ். பைகளை அழுத்திப் பார்த்தேன். ஓரம் கொழகொழத்திருந்தது, நடுவில் கட்டி கட்டியாக உறைந்தே இருந்தது. என் புருஷன் எட்டிப் பார்த்துத் தலையை ஆட்டி, கதவைச் சாத்தினார்.

"அக்கா? ஏன் பேசமாட்டேங்கற? பால் பத்திரம்னு சொன்னியே?"

"அப்போ சொன்னது பொய்டி. பாக்காமலேயே சொல்லிட்டேன். உன் பாலைக் கெடுக்கப் பாத்ததே நான்தான். இப்ப பாத்துட்டுச் சொல்றேன், பத்திரம்."

மறுமுனையில் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"பொடிசு என்ன பண்றா?"

பொடிசு கத்தரித்துப்போட்ட கம்பளியின் மேல் கிடந்து, பசியில் தன் கைமுட்டியைச் சப்பிக்கொண்டிருந்தாள். பிளாஸ்க்கை எடுத்துவர நான் எழுந்தேன்.