காது தெரியட்டும்

பட்டாணிக்கு ஐந்து வயது. உருண்டை முகம், உச்சியில் இரட்டைச் சுழி, ஓரிடத்தில் நிற்காத கால். காது மட்டும் பாதிதான் கேட்கும். போன வருடம் இரண்டு காதுக்கும் மெஷின் போட்டார்கள். சிவப்பு நிறம்தான் வேண்டும் என்று அவளே விரல் நீட்டிக் கேட்டு வாங்கியது.

மெஷினோடு வீட்டுக்கு வந்த அன்றே அவளுடைய அத்தை தீர்ப்புச் சொல்லிவிட்டாள். "முடியை வளர்த்து விடு. காதை மூடிக்கும். ஊருக்கெல்லாம் தண்டோரா போட வேண்டாம்."

அத்தை சொன்னால் அந்த வீட்டில் மறுபேச்சு கிடையாது. அப்பா அம்மா போன பிறகு தம்பிகள் இருவரையும் தலையெடுக்க வைத்தவள் அவள். மூத்தவன்தான் பட்டாணியின் அப்பா. அக்கா வாயைத் திறந்தால் அவன் பேப்பரைத் திறந்துகொள்வான்.

பட்டாணியின் அம்மா நகரப் பேருந்து ஓட்டுபவள். சாலையில் எந்த லாரிக்கும் ஒதுங்காதவள், வீட்டில் நாத்தனார் ஹாரன் அடிக்கும் முன்பே ஒதுங்கிப் பழகியிருந்தாள். முடி வளர்ந்தது. கண்ணில் விழுந்தது, சாப்பாட்டில் விழுந்தது, மெஷினின் ஒயரில் சிக்கியது. காலையில் தலைவார உட்கார்ந்தால் வீடே ரணகளம்.

ஒருநாள் பள்ளிக்கூட வாசலில் டீச்சர் அம்மாவை நிறுத்தினாள். "மெஷினைக் கழட்டிப் பைக்குள்ள போட்டுக்கறா. கேட்டா சிரிக்கறா. பாடம் எதுவும் காதுல விழல."

வீட்டுக்குப் போனதும் அம்மா கண்ணை உருட்டினாள். "ஏண்டி கழட்டற?"

"முடி பேசுதும்மா."

"முடி பேசுதா? என்ன பேசுது?"

"கர்ர்ர்... கர்ர்ர்... டீச்சர் பேசும்போதும் அதுவே பேசுது."

அம்மாவுக்கு விளங்கவில்லை. மெஷினை வாங்கித் தன் காதோடு அழுத்திக்கொண்டு, தன் முடியை இழுத்து அதன்மேல் தேய்த்துப் பார்த்தாள். தகரத்தின் மேல் யாரோ துடைப்பத்தைப் போட்டு இழுப்பது போல ஒரு சத்தம். கையிலிருந்து மெஷின் நழுவப் பார்த்தது. தலையை ஆட்டும்போதெல்லாம், ஓடும்போதெல்லாம், ஒரு வருடமாகக் குழந்தை இதையா கேட்டுக்கொண்டிருந்தது? நான் ஒருத்தி, இது தெரியாமல் தினமும் வாரி வாரி காதின் மேலேயே விட்டிருக்கிறேனே!

அன்று மாலை நாத்தனார் வந்தபோது நேராகவே சொன்னாள். "நாளைக்கு முடி வெட்டப் போறேன் அண்ணி. காது ரெண்டும் நல்லா தெரியற மாதிரி."

"உனக்கென்ன கிறுக்கா? ஞாயித்துக்கிழமை சின்னவனுக்குப் பொண்ணு கொடுக்கறவங்க வீட்டுக்கு வராங்க. முதல் தடவையா வராங்க. பார்த்ததும் என்ன நினைப்பாங்க? கல்யாணம் முடியட்டும், அப்புறம் மொட்டையே அடி. நான் வாயைத் திறக்கல."

"அதுவரைக்கும் அவ காதுக்குள்ள துடைப்பம் போட்டு இழுத்துட்டே இருக்கட்டுமா?"

நாத்தனாருக்கு அது புரியவில்லை. ஆனால் குரலின் சூடு புரிந்தது. தம்பியைப் பார்த்தாள். தம்பி பேப்பரைத் தூக்கிப் பிடித்தான்.

மறுநாள் சலூனில், முடி வெட்டும் பெண் பட்டாணியை உயரமான நாற்காலியில் உட்கார வைத்துச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். "பாப் கட் வச்சுடலாமா? காதை மூடினாப்ல இருக்கும். மெஷினும் தெரியாது."

"தெரியட்டும். மெஷின் மேல ஒரு முடி படக்கூடாது. அதுதான் கணக்கு."

"அப்போ ஒட்ட வெட்டிடலாம்."

"ஒட்ட வெட்டினா இந்தச் சுழி ரெண்டும் முள்ளம்பன்றி மாதிரி எழுந்துக்கும். தண்ணி தொட்டுப் பாருங்க." அம்மாவே தண்ணீரைத் தெளித்து உச்சியில் அழுத்திக் காட்டினாள். சுழியோரத்துக் குட்டை முடி விறைத்து எழுந்தது. இருவரும் சிரித்துவிட்டார்கள். பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே இருவருமாகப் பேசி முடிவெடுத்தார்கள்: உச்சியில் கொஞ்சம் நீளம், சுழி படிந்து கிடக்கட்டும். உருண்டை முகத்துக்கு நெற்றியில் சாய்வாக ஒரு கற்றை. பக்கவாட்டிலும் காதுக்குப் பின்னாலும் சிக்கனம்.

மெஷினைக் கழற்றியிருந்ததால் பட்டாணிக்குக் கத்தரியின் சத்தம் கேட்கவில்லை. கண்ணாடி வழியாக அம்மாவின் வாயையே பார்த்தபடி இருந்தாள். வெட்டி முடித்து, கழுத்தைத் தட்டிவிட்டு, மெஷினைத் திரும்ப மாட்டியதும் தலையை இடமும் வலமுமாக ஒரு உலுக்கு உலுக்கினாள். நின்றாள். இன்னும் பலமாக உலுக்கினாள்.

"அம்மா! முடி வாயை மூடிக்கிச்சு!"

ஞாயிற்றுக்கிழமை காலை நாத்தனார் கையில் தலைக்குப் போடும் அகலமான துணி பேண்டோடு வந்தாள். பட்டாணியைப் பார்த்ததும் நெஞ்சில் கை வைத்தாள். "பையன் மாதிரி இருக்கா!"

"பட்டாணி மாதிரி இருக்கா அண்ணி."

"ஒரு ரெண்டு மணி நேரம் இதைக் காது மேல போட்டு விடு. உன் காலில வேணும்னாலும் விழறேன்."

"காலில எல்லாம் விழ வேண்டாம். போட மாட்டேன். ஒரு வருஷம் நீங்க சொன்னதைக் கேட்டேன், அதனால அவ கேக்க வேண்டியது எதையும் கேக்கல. இனிமே முடியாது."

நாத்தனார் தானே போட்டுவிடக் குனிந்தாள். அப்போது பட்டாணியின் அப்பா பேப்பரை மடித்து வைத்துவிட்டு எழுந்து வந்து, அந்த பேண்டை அக்காவின் கையிலிருந்து வாங்கி அலமாரியின் மேல் தட்டில் வைத்தான்.

பெண் வீட்டார் பெண்ணையும் அழைத்துக்கொண்டு வந்தார்கள். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. பட்டாணி அறையின் நடுவில் நின்று பிஸ்கட் கொறித்தாள். பெண்ணின் அம்மா தன் கணவர் பக்கம் சாய்ந்து கிசுகிசுத்தாள். "பாவம், காது கேக்காது போல."

"கேக்குது," என்றாள் பட்டாணி. "பாவம்னு சொன்னீங்க."

டீ டம்ளர்கள் அந்தரத்தில் நின்றன. நாத்தனாரின் முகம் கருத்துப்போனது. பெண்ணின் அம்மா சமாளித்துக்கொண்டு, "பரம்பரையா?" என்று கேட்டாள்.

பட்டாணியின் அம்மா எழுந்து மகளின் பக்கத்தில் போய் நின்றாள். "டாக்டருக்கே தெரியலம்மா. நாளைக்கு உங்க பேரப்பிள்ளைக்கும் வரலாம், வராமலும் போகலாம். வந்தா மெஷின் இருக்கு, போட்டுக்கலாம். இதை மறைச்சுப் பொண்ணு எடுக்க எனக்கு மனசில்ல. யோசிச்சு முடிவு சொல்லுங்க."

அதுவரை தலைகுனிந்திருந்த கல்யாணப் பெண் நிமிர்ந்தாள். "யோசிக்க என்னம்மா இருக்கு? எனக்கு முதல்லயே தெரியும். அவர் சொன்னார்."

எல்லாரும் சின்னவனைப் பார்த்தார்கள். அவன் பிஸ்கட் தட்டைப் பார்த்தான். ஒரு வருடமாக நாத்தனார் ஒருத்தி மட்டும் பூட்டாத கதவுக்குக் காவல் நின்றிருக்கிறாள்!

பெண்ணின் அம்மாவுக்கு முழுச் சம்மதம் என்று சொல்ல முடியாது. போகும்வரை உம்மென்றுதான் இருந்தாள். ஆனால் கிளம்பும் நேரம் பெண்ணின் அப்பா போனை எடுத்து, எல்லாரும் சேர்ந்து நில்லுங்கள், ஒரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றார். வரிசையின் முன்னால், எங்கோ பக்கவாட்டில் பார்த்தபடி பட்டாணி. பின்னால் நின்ற நாத்தனாரின் கை, பழக்க தோஷத்தில், படத்தில் மெஷின் தெரியாதபடி குழந்தையின் முகத்தை நேராகத் திருப்பப் போனது.

பட்டாணியின் அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள். முரட்டுத்தனமாக அல்ல. ஆனால் விடவும் இல்லை.

"அவ எந்தப் பக்கம் பார்க்கறாளோ பார்க்கட்டும் அண்ணி." பெண்ணின் அப்பா பக்கம் திரும்பினாள். "நீங்க எடுங்க."