அறுபதில் தொடங்கும் கோடு

முதுகுப்பைக்கு ஜிப் வைத்துத் தைப்பது அம்மாவின் வேலை. இருபத்திரண்டு வருடமாக அதே தொழிற்சாலை, அதே மெஷின். மந்தமாக வேலை செய்கிறாள் என்று இரண்டு நோட்டீஸ் வந்துவிட்டது. மூன்றாவது வந்தால் சீட்டுக் கிழிந்துவிடும்.

மந்தம் என்று கண்டுபிடித்தவர் நேரக்கணக்கு அதிகாரி. தொழிலாளர்கள் வைத்த பெயர் ஸ்டாப்வாட்ச். முன்பெல்லாம் ஒரே நிறத்தில் அறுபது பை வரும். அம்மா பத்து மணி நேரத்தில் முடிப்பாள். ஒன்றுக்குப் பத்து நிமிடம் என்று அவர் வகுத்து வைத்துக்கொண்டார். இப்போது காலையில் ஒரு நிறம், மதியம் ஒரு நிறம், இருபது இருபதாக வருகிறது. இருநூறு நிமிடத்தில் முடிய வேண்டாமா? அம்மாவுக்கு இருநூற்று நாற்பது ஆகிறது.

எங்கள் வம்சத்திலேயே முதல் பட்டதாரி நான். அதுவும் கணக்கில். சும்மா இருப்பேனா? அம்மாவோடு அவர் அறைக்குள் நுழைந்தேன்.

"யாரும்மா நீ?"

"ஜிப் தைக்கிறவங்க பொண்ணு. உங்க கணக்கு தப்பு சார்."

அம்மா என் இடுப்பைக் கிள்ளினாள். "சின்னப் பொண்ணு, ஏதோ உளறுது சார்."

நோட்டீஸின் பின்பக்கத்திலேயே இரண்டு கோடு வரைந்தேன். "பை எத்தனைன்னு சொன்னா நேரம் எவ்வளவுன்னு சொல்லிடலாம். அதுதான் சார்பு. ரெண்டுமே நேர்கோடுதான், ரெண்டுமே நேரியல் சமன்பாடுதான். ஆனா உங்க கோடு பூச்சியத்துல தொடங்குது. பை ரெண்டு மடங்கானா நேரமும் ரெண்டு மடங்கு. அதுக்குப் பேரு நேர் மாறுபாடு. அம்மாவோடது அப்படி இல்ல. நிறம் மாறினா நூல் மாத்தணும், ஊசி மாத்தணும், கழிவுத் துணியில தைச்சுப் பார்க்கணும். ஒரு பை தைக்கிறதுக்கு முன்னாடியே அறுபது நிமிஷம் போயிடும். அதுக்கப்புறம் பைக்கு ஒன்பது நிமிஷம். அறுபதுக்கும் இருபதுக்கும் போட்டுப் பாருங்க."

போட்டுப் பார்த்தார். அறுநூறு. இருநூற்று நாற்பது. அவர் முகம் மலர்ந்தது. நான் அதை வெற்றி என்று நினைத்தேன்.

"பிரமாதம்மா! ஆக, உங்கம்மா மேல தப்பில்ல. தப்பு இந்த அறுபது நிமிஷம்தான்." சிவப்புப் பேனாவால் அதை அடித்தார். "இதை ஏன் வேலை நேரத்துல செய்யணும்? காலையில ஒரு மணி நேரம் முன்னாடி வந்துடட்டும். மதியத்துக்குத்தான் சாப்பாட்டு நேரம் இருக்கே, சரியா ஒரு மணி நேரம்."

"அப்ப அவங்க எப்ப சார் சாப்பிடுவாங்க?"

"அது சமன்பாட்டுல இல்லையேம்மா."

நோட்டீஸ் ரத்தானது. சுற்றறிக்கை வந்தது, அம்மாவுக்கு மட்டுமல்ல, லைனில் இருந்த நாற்பது பேருக்கும். அடுத்த வாரமே இருபது பை நூற்றெண்பது நிமிடத்தில் முடிந்தது. மிச்சமிருந்த இருபது நிமிடத்தை அவர் வீணாக விடுவாரா? இருபதை இருபத்திரண்டாக்கினார்.

இப்போது கோடு பூச்சியத்தில் தொடங்குகிறது. பாடப்புத்தகத்தில் போடலாம், அவ்வளவு சுத்தமான நேர் மாறுபாடு. விடியுமுன் கிளம்பும் அம்மாவிடம், "திரும்பப் போய்ப் பேசட்டுமாம்மா?" என்றேன்.

செருப்பை மாட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தே பார்க்கவில்லை. "வேணாம்டி, தாயே. ஒன்பது நிமிஷமாவது மிச்சமிருக்கட்டும்."