ஒன்பது பாராட்டும் ஒரு ஜிப்பும்

அந்த வீட்டின் சின்ன மருமகளுக்குக் குடும்பத்தில் மோப்பக்காரி என்று பெயர். மிக்ஸியோ செருப்போ, ஆன்லைனில் எது பிடித்துப்போனாலும் முதலில் அவளுக்கு அனுப்பிவிட்டுத்தான் உறவுக்காரர்களுக்கு மறுவேலை. ஐந்து நட்சத்திர ரிவ்யூக்களை அவள் சீந்தவே மாட்டாள். நேரே மூன்று நட்சத்திரத்துக்குப் போவாள். நிஜமாகவே வாங்கினவன் ஒரு குறையாவது சொல்லாமல் இருக்க மாட்டான் என்பது அவள் கட்சி. அதில் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

அந்தத் தலைக்கனத்துக்கு வேட்டு வைத்தது அவளுடைய ஓரகத்தியின் கடை. மூத்த மருமகளான அந்த அக்காவுக்கு, வேலை பார்த்த தையல் ஆலையை மூடிய பிறகு உலகமே வெறுத்துப்போனது. சுவரைப் பார்த்துப் படுத்தவள் சோற்றுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. பஸ் ஓட்டும் கணவருக்கு முதுகு வலிக்கிறதே என்று எப்போதோ ஒரு குஷன் தைத்துக் கொடுத்திருந்தாள். அதையே ஆன்லைனில் விற்கலாம் என்று எல்லோருமாகச் சேர்ந்து அவளைக் கிளப்பிவிட்டார்கள். கொஞ்ச நாள் ஈ ஓட்டினாள். அப்புறம் வந்தன பாராட்டுகள், ஒன்றன்பின் ஒன்றாக. அக்கா ஒவ்வொன்றையும் போனில் கூப்பிட்டுப் படித்துக் காட்டினாள். குரலில் பழைய தெம்பு வந்திருந்தது.

மோப்பக்காரியின் மூக்கு சும்மா இருக்குமா? ஒரு நாள் அந்த ஒன்பதையும் வரிசையாகப் படித்தாள். எல்லாம் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் போட்டவை. குஷனை நாற்காலியில் போட்டார்களா, காரில் போட்டார்களா என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. போதாக்குறைக்கு, "பயணிகள் அனைவரும் வாங்கிப் பயன்பெறவும்" என்று ஒன்று முடிந்தது. குஷன் வாங்கினவன் எவனாவது இப்படி எழுதுவானா? பஸ் ஓட்டும் அத்தானின் வேலைதான் என்று புரிந்துவிட்டது. கண்டுபிடித்த சந்தோஷம் ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை. போலி ரிவ்யூ என்று தெரிந்தால் அந்தத் தளத்தில் கடையையே மூடிவிடுவார்கள். சொன்னாலோ அக்கா மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாள்.

மறுநாள் நேரே பஸ் டெப்போவுக்குப் போனாள். அத்தான் மழுப்பவில்லை. வாங்காதவர்களும் எழுதலாம் என்று தெரிந்து, கூட வேலை செய்கிறவர்களின் போனை வாங்கி வாங்கி எழுதியிருக்கிறார்.

"முதல்ல ஒண்ணுதாம்மா போட்டேன். அன்னைக்கு எழுந்து தலை வாரினா. அதுக்கப்புறம் எப்படி நிறுத்துறது?"

அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குப் பாவமாக இருந்தது. ஆனாலும், எல்லாவற்றையும் எடுத்துவிடச் சொன்னாள். அக்காவைத் தான் பார்த்துக்கொள்வதாக வாக்கும் கொடுத்தாள். எப்படிப் பார்த்துக்கொள்வது என்பதுதான் தெரியவில்லை.

ஒன்பதும் மறைந்த அன்று மாலை அக்கா வீட்டுக்குப் போனாள். அக்கா படுத்திருக்கவில்லை. மடியில் ஒரு குஷனைப் போட்டுக்கொண்டு ஜிப்பைப் பிரித்துக்கொண்டிருந்தாள். வா என்று தலையசைத்துவிட்டுப் போனை நீட்டினாள். கடைப் பக்கத்தில் ஒரே ஒரு ரிவ்யூ, அன்றைக்குத்தான் வந்தது. மூன்று நட்சத்திரம். ஆபீஸ் நாற்காலிக்கு நன்றாக இருக்கிறது, ஆனால் ஜிப் தொடையில் குத்துகிறது, படத்தில் பார்த்த நிறமும் இல்லை என்று யாரோ சிடுசிடுத்திருந்தார்கள்.

ஆறுதல் சொல்ல மோப்பக்காரி வாயெடுப்பதற்குள் அக்காவே பேசினாள்.

"நான் தச்சு அனுப்பினது ஒண்ணே ஒண்ணு. பாராட்டினது ஒன்பது பேர். எனக்கு அந்தக் கணக்கு கூடவா தெரியாது?"

மோப்பக்காரிக்குத் தூக்கிவாரிப்போட்டது. அத்தனை துப்பு துலக்கியும் எத்தனை விற்றது என்று கேட்க அவளுக்குத் தோன்றவே இல்லை. தெரிந்துமா எங்களுக்கெல்லாம் படித்துக் காட்டினீர்கள் என்று கேட்டாள்.

"அவர் பக்கத்துல உட்கார்ந்து என் மூஞ்சியவே பார்த்துட்டு இருப்பாரு. நான் படிச்சு சிரிச்சாத்தான் அவருக்குச் சோறு இறங்கும். நான் படுத்துக் கிடந்தப்ப அவரும்தானே சாப்பிடல?"

மோப்பக்காரிக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அந்த மூன்று நட்சத்திரத்தையே இன்னொரு முறை படித்தாள்.

அந்த நேரம் பார்த்து அத்தான் வந்தார். இரண்டு பேரையும் சேர்த்துப் பார்த்ததும் வாசற்படியிலேயே திருதிருவென்று முழித்தார். அக்கா ஜிப்பை ஓரத்துக்கு மாற்றித் தைத்து முடித்து, குஷனை நாற்காலியில் போட்டாள்.

"உட்கார்ந்து பார்த்து உள்ளதைச் சொல்லுங்க. இந்தத் தடவை எனக்கு நிஜம் வேணும்."

அவர் உட்கார்ந்தார். இப்படியும் அப்படியும் நகர்ந்தார். தம்பி மனைவியை ஒரு பார்வை, மனைவியை ஒரு பார்வை.

"இப்பவும் கொஞ்சம் குத்துது" என்றார்.

அக்கா சிரித்துக்கொண்டே குஷனை உருவிக்கொண்டு போய், மறுபடி தையலைப் பிரிக்க ஆரம்பித்தாள்.