ஆலமேட்டூர்க் குப்பி

கண்ணாடிப் பெட்டியின் மேல் மூச்சுப் படும் அளவுக்குக் குனிந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, உள்ளே பஞ்சின் மேல் கிடத்தியிருந்த சின்ன மருந்துக் குப்பியையே நாச்சிமுத்து பார்த்துக்கொண்டிருந்தார், இரண்டடி பின்னால் நின்ற அவர் மனைவி சிந்தாமணிக்கு அவருடைய நரைத்த பிடரி மட்டும்தான் தெரிந்தது, குப்பியில் ஒட்டியிருந்த பிளாஸ்திரித் துண்டில் ஆலமேட்டூர் என்றும் அதற்குக் கீழே ஒரு தேதியும் நீல மையில் எழுதியிருந்தது, கீழே புதிதாக அச்சடித்த அட்டையில், இப்பள்ளத்தாக்கின் பாறு கழுகுகளைக் காக்க உதவிய சான்று, கிராமம் ஒன்றில் கிடைத்தது, என்று போட்டிருந்தார்கள். வெளியே வனவிலங்கு ஆய்வு மையத்தின் நாற்பதாம் ஆண்டு விழாப் பந்தலில் மைக்கைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள், கேசரி கிண்டும் வாசனை வந்தது, இந்தக் கட்டடத்தில்தான் இருபத்தெட்டு வருஷம் ஆய்வகத்தில் உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றாள் அவள், விழாவுக்குப் புருஷனையும் கூட்டிவரச் சொல்லி அழைப்பிதழில் கையால் எழுதியிருந்தார்கள், கூட்டிவந்துவிட்டாள், குப்பியை இப்படிக் காட்சிக்கு வைப்பார்கள் என்று அவளுக்கு யாரும் சொல்லவில்லை. பயம் வரவேண்டும், ஒன்றும் வரவில்லை, பல் பிடுங்க ஊசி போட்ட கன்னம்போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது.

பல வருஷத்துக்கு முன்னால் முதல் பாறு செத்து உரச்சாக்கில் வந்தது, மாடு மேய்ப்பவர் ஒருவர் சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்தார், டாக்டர் ரெஜினா அப்போது வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம்கூட ஆகாத பெண், இன்று இந்த மையத்துக்கே இயக்குநர், அன்று கையுறை மாட்டிக்கொண்டு பறவையின் வயிற்றைத் திறக்கிறார், சிந்தாமணி தட்டைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், ஈரல்மேல், இதயத்தின்மேல், சிறுநீரகத்தின்மேல், யாரோ சுண்ணாம்பு அடித்ததுபோல வெள்ளை வெள்ளையாகப் படிந்திருக்கிறது, பஸ்ஸில் தூங்கும் கிழவர் தலைபோல அதன் கழுத்து மேசைக்கு வெளியே தொங்குகிறது. பிறகு ஐந்தாவது, எட்டாவது, பதினொன்று, பதிவேட்டில் எழுதுவது அவள் வேலை, எழுதினாள். வடக்கேயும் இப்படித்தான் சாகுது சிந்தாமணியக்கா, என்றார் ரெஜினா, மாட்டுக்கு வலிக்குப் போடற ஒரு ஊசி மருந்து, அதைப் போட்ட மாடு செத்து, அதைத் தின்னா பாறுக்கு சிறுநீரகம் போயிடுது, ஆனா நம்ம பக்கம் அந்த மருந்தை யாருமே தொடறதில்லேன்னு கலெக்டர் கூட்டத்துல மருந்துக் கடைக்காரங்க அடிச்சுச் சொல்றாங்க, ஒரு பாட்டில் கையில இருந்தா பேசலாம். மருந்தின் பெயரைத் தாளில் எழுதிக் காட்டினார். அந்தப் பெயரைச் சிந்தாமணி தினமும் பார்த்துக்கொண்டிருந்தாள், தன் வீட்டில், தன் புருஷனின் தோல்பையில்.

நாச்சிமுத்துவுக்குப் பட்டம் ஒன்றும் கிடையாது, ஒரு மாட்டு டாக்டரிடம் ஆறு வருஷம் கூட இருந்து கற்றுக்கொண்டு மொபெட்டில் ஊர் ஊராகப் போனவர், ஊசிக்காரரு வந்துட்டாருன்னா எந்திரிக்காத மாடும் எந்திரிச்சிரும் என்று சுற்றுவட்டாரத்தில் சொல்வார்கள். சாயங்காலம் இரண்டு பேரும் வாசல் குழாயில் ஒரே சிவப்பு சோப்பில் கை தேய்ப்பார்கள், அவர்மேல் சாணியும் மருந்தும், அவள்மேல் ஆய்வகத்துத் திராவகமும், யாரு அதிகமா நாறறோம்னு மோந்து பாரு, என்று அவர் கையை நீட்டுவார், அவள் சிரிப்பாள், அந்தத் தாளைப் பார்த்த நாளிலிருந்து அவளால் சிரிக்க முடியவில்லை. ஒரு காலையில் அவர் குளித்துக்கொண்டிருக்கிறார், சொம்பில் மொண்டு ஊற்றும் சத்தம் கேட்கிறது, பையைத் திறந்து பாதி தீர்ந்த குப்பியை எடுத்துச் சோற்றுத் தூக்குக்குள் வைத்து மூடுகிறாள், சொம்புச் சத்தம் நிற்பதற்குள் பையைப் பழையபடி பூட்டுகிறாள். எங்க கிடைச்சது அக்கா, என்றார் ரெஜினா. ஊருக்குள்ளதான். யாருகிட்ட. கேக்காதீங்க டாக்டர். அவர் அப்புறம் கேட்கவே இல்லை. குப்பி கூட்டத்துக்குப் போனது, அடித்துப் பேசியவர்கள் அடங்கினார்கள், கொஞ்சம் கொஞ்சமாகக் கடைகளிலிருந்து அந்த மருந்து போய் வேறு மருந்து வந்தது, இன்று பாறைச் சரிவில் கூடுகள் இருக்கின்றன, பந்தல் வாசலில் குஞ்சோடு நிற்கும் பாறு கழுகின் படம் ஆள் உயரத்துக்கு வைத்திருக்கிறார்கள்.

நாச்சிமுத்து நிமிர்ந்தார். அம்மிணி, இது என்ற கையெழுத்துதானே, குப்பியைத் தொறந்த ஊரும் தேதியும் நான் எழுதி ஒட்டறதுதானே. ஆமாங்க. நீதான் எடுத்தியா. ஆமாங்க, நீங்க குளிச்சிட்டிருந்தப்ப. சொல்லிவிட்டு நின்றாள், திட்டட்டும் என்று நின்றாள், கட்டினவனைக் காட்டிக்கொடுத்தவள் என்று தன்னைத் தானே எத்தனையோ முறை திட்டிக்கொண்டதுதான், வெளியிலிருந்தும் ஒரு குரல் வரட்டும் என்று. அவர் திட்டவில்லை. அன்னிக்கே தெரியும், என்றார், பையைத் தொறந்தேன், குப்பி இல்ல, மாட்டு ஊசியாலதான் பாறு சாகுதுன்னு ஊருக்குள்ள பேச்சு வேற, நீ எங்க வேலை செய்யறே, எதுக்கு எடுத்திருப்பேன்னு தெரியாத அளவுக்கு நான் முட்டாளா. அப்புறம் ஏனுங்க ஒண்ணும் கேக்கல. கேட்டிருந்தா நிறுத்தியிருக்கோணும் அம்மிணி, நான் நிறுத்தல, வேற குப்பி வாங்கி இன்னும் நாலு மாசம் போட்டேன், தெரிஞ்சேதான் போட்டேன், மாடு கால நீட்டிப் போட்டு முனகுது, மாட்டுக்காரம்மா என்ற கையைப் புடிச்சுட்டு அழுகறா, வேற மருந்து பையில இல்ல, சும்மா திரும்பி வர முடியல.

நாலு மாசம், சிந்தாமணி பதிவேட்டின் அந்தப் பக்கங்களை நினைத்துப் பார்த்தாள், ஏழு பாறு, கடைசியாக வந்தது பெட்டை, வயிற்றில் இன்னும் ஓடு கட்டாத முட்டை. அந்த நாட்களில் குழாயடியில் கை தேய்த்துக்கொண்டே அவர் கேட்பார், இன்னிக்கு ஏதாச்சும் வந்துதா, சும்மா பேச்சுக்குக் கேட்கிறார் என்று நினைத்து அவளும், ஒண்ணு வந்துது, என்பாள், அவர் சோப்பைத் தேய்த்துக்கொண்டே இருப்பார், நுரை முழங்கை வரைக்கும் ஏறும், போதுமுங்க, சோப்பு கரையுது, என்று அவள்தான் குழாயை மூடுவாள். அவர் எண்ணிக்கொண்டு இருந்திருக்கிறார். ஏழும் அவருக்குத் தெரியும். இது தெரிந்தபோதும் அவளுக்கு அழுகை வரவில்லை, கோபமும் வரவில்லை, இத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இரண்டு பேரும் தனித்தனியாக வாயை மூடிக்கொண்டு சோறு தின்றிருக்கிறோம் என்று மட்டும் தோன்றியது.

பழைய ஆளுங்க எல்லாரும் போட்டோவுக்கு வாங்க, என்று மைக்கில் கூப்பிட்டார்கள், அவளைக் காணாமல் ரெஜினாவே உள்ளே தேடி வந்தார், பட்டுப்புடவையும் நரைத்த முடியுமாக. சிந்தாமணி பெட்டியைக் கைகாட்டினாள். அன்னிக்குக் கேக்காதீங்கன்னு சொன்னேனுங்க டாக்டர், இவரோடதுங்க. ரெஜினா அவரைப் பார்த்தார், குப்பியைப் பார்த்தார். நாச்சிமுத்து கைகளைக் கட்டிக்கொண்டார், போட்டது நான்தானுங்க, இது போனதுக்கு அப்புறமும் போட்டேனுங்க, உங்க மேசைக்கு வந்ததுல ஏழு என்ற கணக்குலதான் சேரும். பந்தலில் நாற்காலி இழுக்கும் சத்தம் கேட்டது. ரெஜினா அட்டையை விரலால் தொட்டு, கிராமம் ஒன்றில் கிடைத்ததுன்னு இருக்கறதை மாத்திரலாம், உங்க பேரு போடட்டுங்களா, என்று மெதுவாகக் கேட்டார். போடுங்க, என்றார் நாச்சிமுத்து, குப்பி குடுத்தவன்னு போட்டுராதீங்க, அது இவ, ஊசி போட்டவன்னு போடுங்க.

வெளியே வெயிலில் கண் கூசியது, மூன்று வரிசையாக நிற்கவைத்திருந்தார்கள், நாச்சிமுத்து ஒதுங்கிப் பந்தல்காலோரம் போனார். இங்க வாங்க, என்றாள் சிந்தாமணி. நான் எதுக்கு, இங்க வேலை செஞ்சவங்களுக்குத்தானே. வாங்கன்னா வாங்க. வந்து அவள் பக்கத்தில் கடைசி ஆளாக நின்றார், போட்டோக்காரர் கேமராவிலிருந்து கண்ணை எடுத்து, ஓரத்துல இருக்கற ஐயா, இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளி வாங்க, பாதி ஆள்தான் விழுகறீங்க, என்றார். அவர் தள்ளி வந்தார், அவர் தோள் அவள் தோளில் பட்டது, சிரிங்க என்று சொன்னார்கள், முன்வரிசையில் எல்லோரும் சிரித்தார்கள், அவள் சிரிக்கவில்லை, அவர் கையைப் பிடிக்கவும் இல்லை, ஆனால் தோளை நகர்த்தாமல் அப்படியே நின்றாள்.