இரண்டு முறை வெந்தது

பெல்ட்டில் வரும் பிஸ்கட்டில் உடைந்ததைப் பொறுக்கித் தொட்டியில் போடுவது அவள் வேலை. முழுசு பாக்கெட்டுக்கு, உடைசல் அரவைக்கு. அரைத்த தூளை மறுபடி மாவில் கலந்து அடுப்புக்கே அனுப்பிவிடுவார்கள்.

தரம் பார்க்கும் பெண்தான் டீ நேரத்தில் அந்தச் சங்கதியைச் சொன்னாள். பிஸ்கட் என்றால் லத்தீனில் இரண்டு முறை வெந்தது என்று அர்த்தமாம். கப்பலில் மாதக்கணக்கில் போகிறவர்களுக்கு ரொட்டி கெட்டுப்போகாமல் இருக்க, சுட்டதையே ஈரம் போக இன்னொரு முறை சுட்டார்களாம். இப்போது ஒரே சூடுதான், பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. பொழுதுபோகாமல் சொன்னதுதான். ஆனால் அதே வாரம் அடுப்பு ஆபரேட்டர் உடைசல் பொறுக்கும் அவளைக் கட்டிக்கொள்ளப்போகும் செய்தி வெளியே வந்தது. முதல் புருஷனின் அடி தாங்காமல் அறுத்துக்கொண்டு வந்தவள் அவள். கேட்கவா வேண்டும்? மறுநாளே அவள் பெயர் 'பிஸ்கட்டு' ஆகிவிட்டது. ஆபரேட்டரும் பெண்டாட்டியைப் பறிகொடுத்தவன்தான். அவனை யாரும் அப்படிக் கூப்பிடவில்லை.

ஊர் வாயை அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவன் ஒரு வார்த்தை அதட்டினால் போதும், அடங்கிவிடும் என்று இருந்தாள். கேன்டீனில் அவள் எதிரிலேயே, மாவு கலக்கும் மிக்சர்காரன் அவன் தோளில் தட்டினான்.

"மாப்ள, பிஸ்கட்ட டப்பாவுல போட்டு மூடி வை. நமுத்துடப் போவுது."

மேஜையே சிரித்தது. அவனும் சிரித்தான். ஒப்புக்குச் சிரிக்கிற சிரிப்பில்லை, கண்ணில் நீர் வர.

கை கழுவும் இடத்தில் அவனை நிறுத்திக் கேட்டாள். விளையாட்டுக்குச் சொன்னதற்கெல்லாம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளாதே என்றான்.

"உங்களுக்கும் இது ரெண்டாவதுதானே?"

குழாயை மூடிவிட்டுச் சொன்னான். "எனக்குச் செத்துப்போச்சு. நீ விட்டுட்டு வந்தவ. அப்படியும் நான் ஒத்துக்கிட்டேன்ல?"

சட்டையில் கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். குரலில் கோபம்கூட இல்லை.

சாயங்காலம் அரவை ஆள் வரவில்லை. உடைசல் தொட்டியை எடுத்துப்போக ஆபரேட்டரே வந்தான். ஒன்றும் நடக்காத மாதிரி ஒரு பக்க விளிம்பைப் பிடித்து, "தள்ளு" என்றான்.

அவள் தள்ளவில்லை, விடவுமில்லை; மறு விளிம்பை இறுக்கிப் பிடித்தபடி நின்றாள். அவன் இழுத்துப் பார்த்தான். அவள் பார்வை பெல்ட்டில் இருந்தது. உடைந்ததும் முழுசுமாக வந்துகொண்டே இருந்தன. பொறுக்க ஆளில்லை.